ஒன்பதாம் பாட்டைச் சுமந்தவள்

எறும்புக்கு வாயும், அது பேசுவதைக் கேட்க மனிதர்களுக்குக் காதும் இருந்த அந்தக் காலத்தில், உலகத்திலேயே வேகமாகப் போகிற பிராணி எறும்புதான். சிரிக்க வேண்டாம். குதிரை, மான், முயல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஓர் எறும்பு கிளம்பிவிட்டால் காற்று பின்னால் நின்று மூச்சு வாங்குமாம். அப்படிப்பட்டது இப்போது ஏன் நின்று நின்று போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. அந்தாதி என்று பாட்டில் ஒரு வகை இருக்கிறதே, அது எப்படி வந்தது என்பதும் கூடவே வந்துவிடும். இரண்டும் ஒரே கதைதான்.

அப்போது எழுத்து கிடையாது. ஓலையும் எழுத்தாணியும் வருவதற்கு இன்னும் வெகுகாலம் இருந்தது. மனதில் நிற்க வேண்டியதை எல்லாம் பாட்டாகத்தான் கட்டி வைக்க வேண்டும். ஓடைக்குடி என்ற ஊரில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பாணர்கள், பாடிப் பிழைக்கிற சனங்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் தண்ணீர் வற்றிப்போனால் புதுத் தண்ணீர் தேட ஓர் ஆளை அனுப்புவார்கள். பலசாலியை அனுப்ப மாட்டார்கள், நன்றாகப் பாடுகிற ஆளைத்தான் அனுப்புவார்கள். பலசாலி தண்ணீரைக் கண்டுபிடித்துவிடுவான், ஆனால் வந்த வழியைக் கோட்டைவிடுவான். பாடுகிற ஆள் நடக்க நடக்க வழியைப் பாட்டாக்கிக்கொண்டே போவார். திரும்பி வந்து பாடினால், ஊரே அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும். ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துகிற அந்த மாதிரிப் பாட்டை ஆற்றுப்படை என்பார்கள். பிற்பாடு அது வள்ளல்களின் வாசலுக்கு வழிகாட்டப் போய்விட்டது. இந்தக் கதையில் அது தண்ணீருக்கு வழிகாட்டுகிறது.

மூன்றாவது வருடமாக மழை பொய்த்தபோது, ஓடைக்குடிக்காரர்கள் விளரியை அனுப்பினார்கள். விளரி என்பது ஒரு பண்ணின் பெயர். அவளுடைய அப்பா ஆசையாக வைத்தது. பெயருக்கு ஏற்ற குரல். குரலைவிடப் பெரியது அவள் பாட்டைத் தொடங்குகிற அழகு. முதல் அடியை எடுத்தாள் என்றால், சோற்றில் கை வைத்தவன் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருப்பான். அவளுக்கும் அதில் பெருமை உண்டு. இருக்கத்தானே செய்யும்.

கிளம்பும்போது ஊர்த் தலைவர் பெரியான் சொன்னார். "இந்தா பாரு தாயி, கடைசிப் பானைத் தண்ணி ஒரு வழிக்குத்தான் காணும். நிலா நிறையிற வரைக்கும் உன்னப் பாப்போம். நீ வரலைன்னா தெக்கே கிளம்பிருவோம். அதுக்கு மேல பிள்ளைகளை வச்சிக்கிட்டு இங்க இருக்க முடியாது."

"வந்துருவேன் மாமா" என்றாள் விளரி. புருஷன் சேந்தன் தினைமாவு மூட்டையை அவள் தோளில் ஏற்றிவிட்டான். அவர்களுடைய நாலு வயது மகள் குமிழி அப்பனின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

விளரி தண்ணீரைக் கண்டுபிடித்தாள். கிழக்கே மூன்று நாள் நடை. ஒரு மலையின் பிளவுக்குள்ளே, வெயில் எட்டாத இடத்தில், வற்றாத சுனை. கண்டுபிடித்த சந்தோஷத்தில், ஊர் இருக்கும் திசையை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று சுனைக்கு மேலே இருந்த பாறையில் ஏறினாள். அங்கிருந்து நாலு திசையும் தெரிந்தது. தெற்கையும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெற்கே ஒரு பச்சை இல்லை, ஒரு பறவை இல்லை. ஊர் தெற்கே கிளம்பினால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இதை உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்று பதறி இறங்கியபோதுதான் கால் வழுக்கியது.

வலது கால் முட்டிக்குக் கீழே முறிந்துவிட்டது. தலைக்குமேல் மலை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், அத்தி மரத்தில் பழம். அவள் பிழைத்துக்கொள்வாள், அது பிரச்சினை இல்லை. நிலா நிறைய இன்னும் ஐந்தே நாள். ஊருக்கு மூன்று நாள் நடை. அவளால் மூன்று அடிகூட நடக்க முடியாது.

பாட்டு மட்டும் தயாராக இருந்தது. மொத்தம் பதினொரு பாட்டு, ஒவ்வொன்றும் இரண்டு அடி. அவள் கட்டியதிலேயே அதுதான் சிறந்தது. 'வெள்ளி முளைக்கையிலே வேலியைத் தாண்டிடுங்க' என்று முதல் பாட்டு தொடங்கும். அடியின் முதல் எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்து வருகிற மோனை, இரண்டாம் எழுத்துகள் ஒத்து வருகிற எதுகை, ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்லிக் காட்டுகிற உவமை, எல்லாம் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்திருந்தன. பதினொன்றுக்கும் பதினொரு தொடக்கம், ஒன்றை ஒன்று மிஞ்சும். இதைச் சுமந்துபோக ஒரு வாய்தான் வேண்டும்.

சுனையில் ஓர் அன்னம் இருந்தது. அவள் கேட்டதும் கழுத்தை நீட்டி நிதானமாக யோசித்தது. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா வழியில தாமரைக் குளம் ஏதும் இருக்கா? இல்லையா? அப்ப எனக்குச் சரிப்படாது" என்று சொல்லித் திரும்பிக்கொண்டது. அடுத்து ஒரு கிளி. அது ஆர்வமாகக் கற்றுக்கொண்டது. சொல்லு என்றால், கடைசியாகக் காதில் விழுந்த சொல்லை மட்டும் நூறு தரம் சொன்னது. தலைக்குமேலே ஒரு மேகம் போனது. "நில்லு, ஒரு சேதி" என்று கத்தினாள். "நான் எங்க போறேன்னு எனக்கே தெரியாதே தாயி" என்று அது காற்றோடு போய்விட்டது. தூது என்று பாட்டு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும்தான் கூப்பிட்டுச் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். அவை போய்ச் சேர்ந்தனவா என்று யார் கேட்டார்கள்?

விளரி அழுதாள். விழுந்தபோது சிதறிய தினைமாவு பக்கத்தில் கிடந்தது. அதைச் சுற்றிக் கட்டெறும்புக் கூட்டம் ஒன்று. அதில் முன்னால் நின்ற ஒன்று அவள் கைமேல் ஏறி வந்தது.

"அக்கா, உங்களைக் கேக்காம உங்க மாவைத் தின்னுட்டோம். அதுக்குப் பதிலா ஏதாவது செய்யணும்ல. அந்தப் பாட்டை எங்ககிட்ட குடுங்க" என்றது.

"நீங்களா?"

"ஓட்டத்துல எங்களை யாரு பிடிக்க முடியும்? ஒரே பகல்ல போய்ச் சேந்துருவோம். ஒரு விசயம் மட்டும் சொல்லிடுறேன். எங்க தலையில ஒரு பாட்டுக்கு மேல நிக்காது. ஆளுக்கு ஒண்ணு குடுங்க. இன்னொண்ணு, எங்களுக்கு எண்ணத் தெரியாது."

முன்னால் நடக்கிறவள் என்பதால் விளரி அதற்கு முன்னத்தி என்று பெயர் வைத்தாள். பதினொரு எறும்புகள் வந்து நின்றன. ஆளுக்கு ஒரு பாட்டாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு தரம் சொன்னால் போதும், ஒரு சொல் பிசகாமல் பிடித்துக்கொண்டன. கிளியைப் பார்த்த கண்ணால் இதைப் பார்த்தபோது விளரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாட்டுக்காரியாயிற்றே, ஒத்திகை பார்க்காமல் அனுப்புவாளா? "இந்தப் பாறையை ஒரு சுத்துச் சுத்தி வந்து பாடிக் காட்டுங்க" என்றாள்.

பாதிச் சுற்றில் ஓர் ஓணான் பாய்ந்தது. எறும்புகள் நாலாபக்கமும் தெறித்து ஓடி, அது போன பிறகு மறுபடி வரிசை கட்டி வந்தன. வந்து பாடின. ஒவ்வொரு பாட்டும் சுத்தமாக இருந்தது. ஆனால் ஏழாம் பாட்டு மூன்றாவதாக வந்தது. பத்தாம் பாட்டு எட்டாம் பாட்டுக்கு முன்னால் வந்தது. முதல் பாட்டு நடுவில் எங்கேயோ வந்தது.

விளரிக்கு ஒன்பதாம் பாட்டு ஞாபகம் வந்தது. அந்த வழியில் ஓர் இடம் இருக்கிறது. யானை படுத்திருப்பதுபோல ஒரு கரும்பாறை. அதற்கு நேர் எதிரே வெள்ளையாகப் பளபளவென்று ஒரு பரப்பு, தூரத்தில் பார்த்தால் ஏரி என்றே சத்தியம் செய்யலாம். ஏரி இல்லை. மேலே உப்பு பூத்து, கீழே ஆளை விழுங்குகிற புதைசேறு. அவளே ஒரு காலை வைத்துத் தப்பி வந்தவள். அந்த இடத்தில் எப்படித் திரும்ப வேண்டும் என்பதைத்தான் ஒன்பதாம் பாட்டு சொல்லும். வரிசை மாறினால் தாகத்தோடு வருகிற ஊர் மொத்தமும் அந்தச் சேற்றுக்குள் ஓடும்.

"ஏன் தங்கச்சி, உனக்கு முன்னால போனவ யாருன்னு தெரியாதா?" என்று கேட்டாள்.

"எப்படித் தெரியும்? எங்க முகம் எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு. எங்களுக்கே வித்தியாசம் தெரியாது அக்கா" என்றது முன்னத்தி. அதன் குரலில் வெட்கம் இருந்தது.

அன்று முழுக்க விளரி சாப்பிடவில்லை. நிலா நிறைய இன்னும் நாலு நாள். சாயங்காலம் ஆகிறது. சுனைப் பக்கத்துப் பாறையில் ஒரு வெடிப்பு, எறும்பு தாண்ட முடியாத அகலம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓர் எறும்பு வெடிப்பின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியது. அடுத்தது அதன்மேல் இறங்கி அதன் பின்காலைப் பிடித்தது. அதன் பின்காலை இன்னொன்று. ஒருத்தி முடிகிற இடத்தை அடுத்தவள் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வெடிப்பின் குறுக்கே ஒரு பாலம் நின்றது. மற்ற எறும்புகள் அதன்மேல் ஏறி அக்கரைக்குப் போயின.

விளரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் செய்ய மனசு வரவில்லை.

ஒவ்வொரு பாட்டும் முந்திய பாட்டு முடிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் எத்தனை ஓணான் வந்தாலும் எறும்புகள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். முகம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம், ஒரு சொல் போதும். ஆனால் அதற்கு அந்தப் பதினொரு தொடக்கங்களையும் அவள் தூக்கிப் போட வேண்டும். ஊரையே உட்கார வைத்த தொடக்கங்கள். இனி அவள் விரும்பிய சொல்லில் ஒரு பாட்டும் தொடங்காது. முந்திய பாட்டு எதைக் கையில் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு பழைய பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பாடினாள். தனக்காகப் பாடினாள். பிறகு அதை விட்டுவிட்டாள். தான் கட்டிய நல்ல பாட்டைத் தன் கையாலேயே உடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பாட்டுக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும். முறிந்த காலுக்கு அழுததைவிட அதிகமாக அழுதுகொண்டேதான் உடைத்தாள். ஆனாலும் உடைத்தாள்.

விடியும்போது புதுப்பாட்டு நின்றது. முதல் இரண்டும் இப்படி:

தண்ணி தேடும் சனங்களே, தலைவாசல் விட்டுக் கிழக்கே
கண்ணுக்கு எட்டும் தூரத்திலே காத்து நிக்கும் ஒரு பனை.

பனையை வலக்கைப் பக்கம் விட்டுப் பகல்முழுக்க நடந்தீங்கன்னா
அனலாக் கொதிச்சுக் கிடக்கும் ஆளில்லாத மணல் ஆறு.

பனையில் முடிந்ததைப் பனை பிடித்துக்கொண்டது. ஆற்றில் முடிந்ததை மூன்றாம் பாட்டு 'ஆறு' என்று எடுத்துக்கொண்டது. எட்டாம் பாட்டு 'பாறை' என்று முடிந்தது. ஒன்பதாவது 'பாறை' என்று தொடங்கி 'நிழல்' என்று முடிந்தது. பத்தாவது 'நிழல்' என்று தொடங்கியது.

முன்னத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டியது. "நல்லா இருக்கு அக்கா. ஒரு சந்தேகம். நடுவுல இருக்கவ செத்தா, சொல்லு ஒட்டாது, கண்டுபிடிச்சிரலாம். கடைசியில வர்றவ செத்தா? அவளுக்கு முன்னாடி இருக்கவ முடிச்சதும் பாட்டே முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்குவாகளே. தண்ணிக்கு ஒரு அடி முன்னால நின்னுருவாகளே."

விளரி அந்த எறும்பையே பார்த்தாள். எண்ணத் தெரியாத தலைக்குள் இவ்வளவு யோசனை இருந்தது. அவளுக்கு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பதினோராம் பாட்டின் கடைசி அடியைப் பிரித்து, முதல் பாட்டின் முதல் சொல்லான 'தண்ணி'யிலேயே வந்து முடியும்படி மறுபடி கட்டினாள். புறப்பட்ட சொல் திரும்பி வந்தால் பாட்டு முழுசு. வராவிட்டால் எங்கேயோ குறை. பாட்டு இப்படிச் சுற்றி வந்து தன் வாலைத் தானே தொடுவதைத்தான் மண்டலித்தல் என்கிறார்கள்.

"ஒன்பதாவதை நான் எடுத்துக்கறேன்" என்றது முன்னத்தி.

"நீதான முன்னால போறவ? முதல் பாட்டு உனக்குத்தான்."

"எது தப்பினா உயிர் போகுமோ அதை நான் சுமக்கறேன் அக்கா. முன்னால நடக்குறவளுக்கு அதான வேலை."

மற்ற பத்துப் பாட்டையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, விளரி குனிந்து ஒன்பதாம் பாட்டை அதன் காதில் மட்டும் பாடினாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பதினொரு எறும்புகளும் கிளம்பின. வெயில் ஏறும்போது மலையைத் தாண்டி, உச்சிப்பொழுதில் மணல் ஆற்றுக்கு வந்துவிட்டன. அங்கேதான் சூறைக்காற்று பிடித்தது. காய்ந்த ஆற்றில் மணலை அள்ளிச் சுழற்றிக்கொண்டு வந்த காற்று, ஓடுகிற எறும்புகளையும் சேர்த்து அள்ளியது. பல நாளாகத் தன்னை ஓடி முந்தியவர்கள் மேல் அதற்கு என்ன கோபமோ. ஆளுக்கு ஒரு திசையில் வீசிவிட்டுப் போய்விட்டது.

எறும்புகள் ஒவ்வொன்றாக மணலுக்குள்ளிருந்து எழுந்து வந்தன. எதிரே வருகிறவள் தன் கூட்டமா, அந்த ஆற்றங்கரை எறும்பா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. அதனால் கிட்டே போய், முகத்தோடு முகம் வைத்துக் கேட்டன.

"உன் முதல் சொல் என்ன?"

"பனை."

"என் கடைசிச் சொல் பனை. வா, எனக்குப் பின்னால நில்லு."

இப்படியே ஒன்று, இன்னொன்று என்று கோத்துக்கொண்டன. 'நிழல்' என்று தொடங்குகிறவள் வந்தாள், 'சுனை' என்று தொடங்குகிறவள் அவளுக்குப் பின்னால் நின்றாள். 'பாறை' என்று முடிப்பவள் தனக்குப் பின்னால் வர வேண்டியவளுக்காகக் காத்து நின்றாள். யாரும் வரவில்லை. நாள் கணக்காகத் தேடினார்கள். கூப்பிட்டார்கள். அந்தக் கரையில் இருந்த அத்தனை எறும்புகளையும் நிறுத்திக் கேட்டார்கள். 'பாறை' என்று தொடங்குகிறவள் அவர்களில் இல்லை.

கடைசியில் பத்துப் பேரும் கிளம்பினார்கள். 'பாறை'க்கும் 'நிழலு'க்கும் நடுவில் ஓர் எறும்பு நடக்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் நடந்தார்கள்.

தேடியதில் நாட்கள் போய்விட்டன. அவர்கள் ஓடைக்குடிக்கு வந்தபோது நிலா நிறைந்து மறுநாள் காலை. மூட்டை முடிச்சுகள் கட்டியாகிவிட்டது. ஊர் தெற்கே முகம் வைத்து நின்றது. சேந்தன் மட்டும் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றான். அவன் காலில் ஏதோ சுருக்கென்று கடித்தது.

"கடிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க மச்சான். விளரி அக்கா அனுப்பிச்சாக" என்றது முதல் எறும்பு.

ஊர் கூடிவிட்டது. பத்து எறும்புகளும் வரிசையில் நின்று பாடின. பாட்டின் கடைசிக்கு வந்தபோது பெண்கள் சிலர் அழுதார்கள்:

நிழலுக்குள்ளே குனிஞ்சு போனா நெத்தியிலே ஈரம் படும்,
குழலூதும் சத்தம் போலக் கூப்பிடுமே ஒரு சுனை.

சுனைக்குப் பக்கம் ஒருத்தி இருக்கா, சுகமாத்தான் காத்திருக்கா,
நினைச்ச நேரம் அள்ளிக் குடிங்க, நெஞ்சாறும் தண்ணி.

"இது விளரி பாட்டா?" என்றார் பெரியான். "அவ தொடங்குற மாதிரி இல்லையே. அவ எடுத்தா அப்படியே ஆளைத் தூக்குமே."

சேந்தனுக்கும் முதலில் அது உறைத்தது. ஆனால் கேட்கக் கேட்க அவனுக்குப் புரிந்துவிட்டது. "அவ பாட்டுத்தான் மாமா. எல்லாத் தொடக்கத்தையும் நமக்காகக் குடுத்துருக்கா. ஒண்ணு முடிஞ்ச சொல்ல இன்னொண்ணு எடுத்து வருது பாருங்க. தண்ணியில ஆரம்பிச்சுத் தண்ணியிலேயே வந்து நிக்குது. வேற யாரு இப்படிக் கட்ட முடியும்?"

"அது சரி. நடுவுல ஒரு இடத்துல ஒட்டலையே. பாறைன்னு ஒருத்தி முடிச்சா. நிழல்னு அடுத்தவ எடுத்தா."

எறும்புகள் மறைக்கவில்லை. "அங்க ஒருத்தி இருந்தா. வழியில காணாமப் போயிட்டா. அவளுக்கு இடம் விட்டுத்தான் நிக்கறோம், பாருங்க" என்றன.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கருப்பு வரிசையில் ஓர் எறும்பின் அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தது.

"ஓட்டைப் பாட்டை நம்பி ஊரைக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா சேந்தா? இருக்கறது ஒரு பானைத் தண்ணி" என்று பெரியான் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார்.

"ஓட்டை எங்க இருக்குன்னு தெரியுதுல்ல மாமா. அது எதுல ஆரம்பிச்சு எதுல முடியுதுன்னும் தெரியுது. தெக்கே போக நமக்கு ஒரு சொல்லுகூட இல்லையே."

பெரியான் தெற்கே ஒருதரம் பார்த்தார். பிறகு பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கே திரும்பினார்.

ஊர் பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எறும்புகளும் கூட வந்தன, ஆனால் அவை மலைமேல் ஏறிக் குறுக்கே வந்தவை, மனிதர் போகிற வழி அவற்றுக்குத் தெரியாது. பனை சொன்ன இடத்தில் நின்றது. மணல் ஆறு சொன்ன இடத்தில் கிடந்தது. மூன்றாம் நாள் உச்சியில் யானை படுத்திருப்பதுபோலக் கரும்பாறை வந்தது. பானை காலியாகிக் கழுவக்கூட ஈரம் இல்லை. பாறையைச் சுற்றி வந்ததும் எதிரே வெள்ளை வெளேரென்று ஓர் ஏரி பளபளத்தது.

"தண்ணி!" என்று பெரியான் கத்தினார். கூட்டம் ஓடத் தயாரானது.

சேந்தன் ஓடிப்போய்க் கையை விரித்துக் குறுக்கே நின்றான். "பொறுங்க! அடுத்த பாட்டு நிழல்ல ஆரம்பிக்குது. இங்க நிழல் எங்க இருக்கு?"

"பிள்ளைக நாக்கு வறண்டு கிடக்கு, நீ நிழலைத் தேடுறியா? தள்ளுடா!"

அதற்குள் பெரியானின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் பளபளப்பை நோக்கி ஓடிவிட்டது. பத்து அடி ஓடியது. கால் இறங்கியது. வயிறு இறங்கியது. ஒரே ஒரு தரம் கத்தியது. பிறகு அந்த இடம் மறுபடி வெள்ளையாகப் பளபளத்தது.

யாரும் நகரவில்லை. பெரியான் மெல்ல உட்கார்ந்தார். "என்ன செய்யச் சொல்ற சேந்தா?" என்று கேட்டார்.

"பாறையில ஆரம்பிக்குது, நிழல்ல முடியுது. பாறைகிட்டயே இருப்போம். நிழல் வரட்டும்."

தாகத்தோடு, எதிரே தண்ணீர்போல மின்னுவதைப் பார்த்துக்கொண்டு, ஓர் ஊர் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தது. பாட்டில் இல்லாத ஒரு பாட்டை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது! சூரியன் மேற்கே சாயச் சாய, பாறையின் காலடியிலிருந்து ஒரு கறுப்பு விளிம்பு கிழக்கே நகர்ந்தது. சேற்றுக்கு ஒருபக்கமாக இருந்த முள்ளுப் புதரைத் தாண்டி, அங்கிருந்த மலையில் போய் விழுந்தது. அது தொட்ட இடத்தில், வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு பிளவு தெரிந்தது.

சேந்தன் மகளை இறக்கி விட்டுவிட்டு, அந்த நிழலுக்குள் குனிந்து போனான். நெற்றியில் ஒரு துளி ஈரம் பட்டது. உள்ளேயிருந்து ஒரு குரல் பாடிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரிந்த குரல்.

அன்றைக்கு ஓடைக்குடி சனங்கள் குடித்த தண்ணீருக்கும் அழுத அழுகைக்கும் அளவே இல்லை. குமிழி அம்மாவின் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு, விளரி தரையில் வரிசையாக நின்ற எறும்புகளைப் பார்த்தாள். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"முன்னத்தி எங்க?"

"பாறைன்னு தொடங்குறவ வரலை அக்கா" என்றது எட்டாம் பாட்டைச் சுமந்தவள்.

விளரி அந்த இடைவெளியில் தன் விரலை வைத்தாள். ஊர்க்காரர்கள் அந்த ஒன்பதாம் பாட்டைப் பாடும்படி கேட்டார்கள். கட்டியவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா? "அது நான் அவகிட்ட குடுத்தது. அவ வந்து பாடுவா" என்று சொல்லிவிட்டாள். சாகும்வரை அவள் அதைப் பாடவில்லை. ஓடைக்குடி சனங்கள் அந்தப் பாட்டைப் பாடும்போது, எட்டு முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் அமைதியாக நின்றுவிட்டுத்தான் பத்தாவதை எடுத்தார்கள். அந்தத்தையே ஆதியாக வைத்துக் கட்டியதால் அதற்கு அந்தாதி என்று பெயர் வந்தது. அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். படித்தவர்கள் இவ்வளவுதான் பொருள் சொல்வார்கள். அதை முதலில் சுமந்தவர்கள் யார் என்று சொல்ல மாட்டார்கள்.

பத்து எறும்புகளும் அன்றைக்கே மணல் ஆற்றுக்குத் திரும்பின. போகிற வழியில் கண்ட எறும்புகளிடம் எல்லாம் சேதி சொல்லின. அவை மற்ற எறும்புகளிடம் சொல்லின. முன்னத்தி எங்கோ இருக்கிறாள், காற்று கொண்டுபோய்ப் போட்ட இடத்திலிருந்து பாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டே இருக்கிறாள். முகத்தைப் பார்த்து அவளைக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும். காற்றை முந்தி ஓடியவர்கள் அந்த ஓட்டத்தை அதோடு விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்துதான், எதிரெதிரே வருகிற இரண்டு எறும்புகள், வாயில் எவ்வளவு பெரிய சுமை இருந்தாலும் சரி, ஒரு கணம் நின்று, முகத்தோடு முகம் வைத்து, பாறையில் தொடங்கி நிழலில் முடிகிற பாட்டு உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகின்றன.